ஒற்றைக்கொம்பியின் முதுகில் சிவப்பு

பட்டியைக் கூட்டும்போது ஆட்டுப் புழுக்கை துடைப்பத்தில் சரளைக்கல்லாக உருண்டது. பச்சை தின்னும் ஆடு அப்படிப் போடாது. மழைக்காலம் பாதி கடந்தும் மேய்ச்சல் நிலம் சட்டியில் வறுத்ததுபோலக் கிடந்தது. அக்காள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சும்மா நின்றாள். போன பஞ்சத்தின் அலுப்பே இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. அதற்குள் அடுத்தது வாசலுக்கு வந்துவிட்டது.

“பாதியை வித்துடலாம்டா,” என்றாள் தம்பியிடம்.

“இப்பவேவா? இன்னும் கொஞ்ச நாள் பாப்போமேக்கா.”

“போன தடவையும் இதையேதான் சொன்னே. பாத்துக்கிட்டே இருந்தோம். கடைசியில தோலைத்தான் வித்தோம்.”

அப்பா விட்டுப்போன மந்தை இருவருக்கும் பொது. மேய்ப்பது அவன், முடிவெடுப்பது அவள். இரண்டில் அவளுடையதுதான் லேசான வேலை என்பது அவன் எண்ணம்.

எதை விற்பது என்பதற்கு அவளிடம் ஒரே கணக்குதான்: பல். காய்ந்த சோளத்தட்டையை மெல்ல முடியாத ஆடு முதலில் போகவேண்டும். ஒவ்வொன்றாகக் காலிடுக்கில் பிடித்து, உதட்டை விலக்கிப் பார்த்து, பல் தேய்ந்ததற்கெல்லாம் முதுகில் சிவப்புச் சாயம் பூசினாள். மந்தையிலேயே மூத்த ஆடான ஒற்றைக்கொம்பியின் பல் ஈறோடு தேய்ந்திருந்தது. கை கொஞ்சம் தயங்கியது. கணக்கு என்றால் கணக்குதானே என்று பூசிவிட்டாள்.

மறுநாள் தரகர் லாரியோடு வந்தார். பலகையைச் சாய்த்து வைத்தும் ஒரு ஆடும் அசையவில்லை. ஒற்றைக்கொம்பியை அவிழ்த்ததுதான் தாமதம், அது தன் வீட்டுப் படி ஏறுவதுபோல ஏறிப் போனது. பின்னாலேயே சிவப்பு வைத்தவை ஏறின. சிவப்பு வைக்காதவையும் தடுப்பை முட்டித் தள்ளிவிட்டு ஏறின.

“என்னம்மா, மொத்தத்தையும் எனக்கே தானம் பண்றியா?” தரகர் சிரித்தார்.

“சிரிக்காம பிடிங்கண்ணே!”

இறக்க இறக்க அவை மறுபடி லாரியைப் பார்த்தே ஓடின. தம்பி மூச்சு வாங்க டயரில் சாய்ந்தான்.

“அக்கா, குட்டை வத்திட்டா மலைக்கு அந்தப் பக்கம் ஊத்துக்குத்தான் ஓட்டணும். இந்த ஒத்தக்கொம்பி முன்னால போகாம அந்தப் பாறைச் சரிவுல எது இறங்கும்? நீ இறங்குறியா?”

“இதை நேத்தே சொல்றதுக்கு என்ன கேடு?”

“எனக்கே இப்பத்தான் உறைச்சுது.”

அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை. “அதை இறக்கு,” என்றாள்.

“ஒண்ணு இறங்குனா ஒண்ணு ஏறணும். பேசுன உருப்படி குறையக் கூடாது,” என்றார் தரகர்.

அக்காளின் பார்வை பட்டியைச் சுற்றிவந்து ஓரிடத்தில் நின்றது. பிறந்த அன்றே தாயை இழந்து, தம்பி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பெட்டை. இப்போது தலைச்சூல். கோடை நடுவில் ஈனும். குட்டிக்கும் சேர்த்துத் தண்ணீர் கேட்கும்.

“வேற எதையாவது சொல்லுக்கா.”

“நீயே சொல்லுடா. நீ கை காட்டுறதை ஏத்துறேன்.”

அவன் ஒவ்வொரு ஆடாகப் பார்த்தான். எதற்கும் கை எழவில்லை. பிறகு பலகையில் ஏறினான். கயிறு தேவைப்படவில்லை, அவன் முன்னால் போக, அந்தப் பெட்டை பின்னால் போனது. இறங்கும்போது அவன் மட்டும் இறங்கினான்.

சாயங்காலம் அவன் உரலில் தட்டையைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தான். பொடித்துக் கொடுத்தால்தான் ஒற்றைக்கொம்பியால் தின்ன முடியும்.

“நாளைக்கு நான் இடிக்கிறேன்,” என்றாள் அக்காள்.

“நீயும் இடிப்பே, நானும் இடிப்பேன். மழை வர்ற வரைக்கும் இந்தப் பொழைப்புதான். எங்க ஓடிடப்போறோம்?”

சாயத்தைக் கழுவிவிடலாம் என்று அவள் ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு வந்தாள். ஒற்றைக்கொம்பி தலையைத் திருப்பிக் குவளையை முகர்ந்தது. அவள் அதைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, வெறும் கையால் முதுகைத் தேய்த்தாள். சிவப்பு போகவில்லை.