பல்லில் கடித்த தாலி

ரம்பத்துக்கு முன்னால் என் புருஷன் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அவருக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர் வெள்ளைச்சாமி அண்ணன். ஒரு படாக் மரத்துக்குள் ஜப்பான்காரன் காலத்துத் துப்பாக்கிக் குண்டு புதைந்து கிடந்திருக்கிறது. மேலே பட்டை மூடி, மரம் அதுபாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. ரம்பம் அதில் பட்டதும் ஒரு பல் தெறித்து அண்ணனுடைய வலது கண்ணில் ஏறிவிட்டது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கழுத்து. அவரைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோன ஜீப் திரும்புவதற்குள் என் புருஷனைக் கூப்பிட்டு, "விஜயா, இனிமே நீ நில்லு" என்று சொல்லிவிட்டார்கள். இவரும் ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

முதலாளி பக்தவத்சலத்தைக் குறை சொல்ல மாட்டேன். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் சுனாமி எங்கள் லயத்து வீடுகளையே வழித்துக்கொண்டு போன பிறகு, கையில் ஒரு மூட்டைகூட இல்லாமல் பெரார்கஞ்சுக்கு வந்து நின்ற எங்களுக்குத் தன் மில்லில் வேலை கொடுத்தவர் அவர். அண்ணன் கண் போனதில் அவரும் ஆடிப்போய்விட்டார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு மிஷினை வரவழைத்தார். இரும்பு, பித்தளை எதைக் கண்டாலும் கத்தும் மிஷின். கப்பல் ஏறும் ஜெட்டியில் போலீஸ்காரர் பயணிகளின் உடம்பைத் தடவிப் பார்ப்பாரே, அதே மாதிரி. முழங்கை நீளம், தட்டையான முகம், பிடியில் ஒரு சிவப்பு விளக்கு.

"இத யாரு பாக்கறது?" என்று கேட்டார். ஆம்பிளைகள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். மரத்தைப் புரட்டுகிறவனுக்குக் கரண்டி மாதிரி ஒன்றைப் பிடிக்க வெட்கமாம். நான் மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

"நான் பாக்கறேன் முதலாளி. எம் புருஷன் நிக்கிற எடம். வேற யாரும் பாக்க வேணாம்."

மிஷினோடு வந்த தாளைப் படித்து முதலாளி விளக்கினார். பட்டையிலிருந்து ரெண்டு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. ஒரு தடவை போன தடத்தின் மேல் பாதி ஏறி அடுத்த தடம் போக வேண்டும். கத்தினால், நெடுக்காகப் போன கை குறுக்காகவும் போக வேண்டும். ரெண்டு தடவையும் ஒரே இடத்தில் கத்தினால் உள்ளே இரும்பு இருக்கிறது. இடம் மாறி மாறிக் கத்தினால் வேறு ஏதோ. கேட்க எல்லாம் சுலபம்தான்.

மறுநாள் மிஷின் எல்லா மரத்துக்கும் கத்தியது. நான் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டேன், பீட்டர் கோடாலியால் கொத்தினான். பீட்டர் ரம்பத்துக்கு மறுபக்கம் நின்று பலகை வாங்குகிறவன், வாய் ஓயாதவன். கொத்திய இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. நல்ல கர்ஜன் மரத் தடியெல்லாம் எலி கடித்த பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டது. மரத்தை ரம்பத்துக்குக் கொண்டுபோகும் டிராலியின் தண்டவாளம்தான் காரணம் என்று நினைத்து, மரங்களை முற்றத்தின் மூலைக்கு உருட்டச் சொன்னேன். வளையலைக் கழற்றினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. முதலாளி கொத்திய மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் புருஷன்தான். நான் ஒரு தடியின் மேல் குனிந்து மிஷினைத் தள்ளிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்று சிரித்தார்.

"அடியே, ஒன் கழுத்தப் பாரு."

பார்த்தேன். குனிந்ததில் தாலி வெளியே விழுந்து மிஷினுக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது. ஆட ஆட, விட்டு விட்டுக் கத்தியது. மில்லே சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்தக் கூத்து எல்லாம் யாருக்காக? அந்த மனுஷனே நின்று பல்லைக் காட்டுகிறார்.

"கழட்டி வச்சிட்டுப் பாருங்கக்கா" என்றான் பீட்டர்.

"வாயக் கழுவுடா" என்றேன்.

புருஷன் ரம்பத்துக்கு முன்னால் நிற்கும்போது தாலியைக் கழற்றுகிறவள் உண்டா? என் மாமியார் மருதாயி, தாலி ஜாக்கெட்டுக்கு வெளியே தெரிந்தாலே கண் படும் என்று முந்தானையை இழுத்து மூடிவிடுகிறவர். சுனாமியில் இளைய மகன் ரவிச்சந்திரனைக் கடலுக்குக் கொடுத்தவர். மிச்சம் இருக்கிற ஒரே மகனுடைய உயிர் என் கழுத்துக் கயிற்றில்தான் தொங்குகிறது என்று நம்புகிறவர். எனக்கும் அந்த நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது.

தாலியை ஜாக்கெட்டுக்குள் செருகிப் பார்த்தேன். நாலு தரம் குனிந்தால் வெளியே வந்துவிடும். கடைசியில் ஒரு வழி செய்தேன். குனிவதற்கு முன்னால் தாலியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன். கை நீட்டினால் மிஷின் வாயிலிருந்து எட்டப் போய்விடும். அதற்குப் பிறகுதான் மிஷின் ஒழுங்காகப் பேசியது. ஒரு தடியில் கம்பி வேலி ஆணி கிடைத்தது, இன்னொன்றில் உடைந்த அரிவாள் மூக்கு. முதலாளி அந்த மூக்கை மேசையில் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். எனக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

ஆனால் நாள் முழுக்கத் தாலியைக் கடித்துக்கொண்டிருக்க முடியுமா? தாகம் எடுக்கும், பீட்டர் ஏதாவது கேட்பான், பதில் சொல்ல வாயைத் திறந்தால் தாலி விழும், மிஷின் கத்தும். "தாலிதான்" என்பேன். அவன் மரத்தை உருட்டிக்கொண்டு போவான். போகப் போக, மிஷின் கத்தினால் நான் சொல்லக்கூட வேண்டியதில்லை. பீட்டரே "தாலிதானக்கா?" என்று கேட்டுவிட்டு உருட்ட ஆரம்பித்துவிடுவான். குறுக்குத் தடம் போகிற பழக்கம் எனக்கு எப்போது விட்டுப்போனது என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு முனியாண்டி கோயிலுக்குப் பின்னாலுள்ள சரிவிலிருந்து ஒரு லாரி மரம் வந்திருந்தது. மழை கூடிக்கொண்டு நின்றது. கரண்ட் போவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் பறப்பு. பெரிய கர்ஜன் தடி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் மிஷின் கத்தியது.

"தாலிதானக்கா?"

"தாலிதான்."

பீட்டர் ஆளைக் கூட்டி உருட்டினான். தடி டிராலிக்குப் போகிற வரிசையில் சேர்ந்தது. நான் அடுத்த மரத்துக்குப் போனேன்.

சாப்பாட்டுத் தூக்கோடு மாமி வந்தார். முற்றத்தில் நின்று லாரியைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார்.

"இது எங்கருந்து வந்த மரம்?"

"முனியாண்டி கோயில் சரிவுல மாமி."

தூக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"எல்லாத்தையும் பாத்தியா? நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"மிஷின் கத்துச்சா?"

"ஒண்ணுல கத்துச்சு. எந் தாலிதான்."

"தாலியா?" மாமி என் கழுத்தையே பார்த்தார். "தெரிஞ்சுதான் சொல்றியா புள்ள? சத்தியமா தாலிதானா?"

அந்தக் கேள்வியில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சத்தியமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றேன். காலையில் பீட்டரிடம் "தாலிதான்" என்று சொல்ல, நான் முதலில் தாலியை வாயிலிருந்து விட வேண்டியிருந்தது. மஞ்சள் கயிற்றின் உப்பு நாக்கில் இருந்தது. அப்படியென்றால் மிஷின் கத்தியபோது தாலி என் பல்லில் இருந்திருக்கிறது. மரத்தின் பக்கத்திலேயே இல்லை.

திரும்பினேன். ரம்பம் ஏற்கெனவே அந்தத் தடியில் ஒரு பக்கத்துப் பட்டைச் செதிளை எடுத்துவிட்டது. இவர் டிராலியைப் பின்னுக்கு இழுத்து, அடுத்த அறுப்புக்காகத் தடியைத் திருப்பி வைத்து, முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. அந்த ரம்பம் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. மரத்தூளில் கால் வழுக்க வழுக்க ஓடினேன். இவரிடம் போவதா, சுவிட்சுக்குப் போவதா என்று ஒரு நொடி தடுமாறினேன். சுவிட்ச்தான் பக்கம். இரண்டு கையாலும் நெம்புகோலைக் கீழே இழுத்தேன்.

மோட்டார் அடங்கியது. ரம்பம் அடங்கவில்லை. மோட்டாரை நிறுத்தினாலும் அது பாட்டுக்குச் சுற்றி ஓய்ந்தால்தான் உண்டு. மரம் இன்னும் அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டதாக நினைத்து, இருக்கிற வேகத்தில் அறுத்துவிடலாம் என்று இவர் டிராலியைத் தோளால் முட்டித் தள்ளுகிறார்.

"தள்ளாதீங்க! இரும்பு! உள்ள இரும்பு!"

இப்போது கேட்டது. இவர் தலையைத் தூக்கினார், காலை ஊன்றி டிராலியைப் பின்னுக்கு இழுத்தார். பட்டைக்கும் ரம்பத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்தான் இருந்தது. பற்கள் தனித்தனியாகத் தெரிகிற வரை ரம்பம் சுற்றிச் சுற்றி நின்றது.

"என்னாடி?"

"இந்த மரம் காலையில கத்துச்சு. நான் தாலின்னு விட்டுட்டேன். அது தாலி இல்லங்க."

இவருக்கு மூக்கு விடைத்துவிட்டது. மழை வேறு தூற ஆரம்பித்திருந்தது. "ஒரு நாளைக்குத் தாலிங்கற, ஒரு நாளைக்கு இரும்புங்கற. ஒன்ன நம்பி எவன் மரம் அறுக்கறது? பீட்டர், சுவிட்ச சாலு பண்ணு, ரம்பம் ஓடட்டும்!"

"பண்ணின, கைய ஒடைச்சிருவேன்" என்றேன். பீட்டர் நகரவில்லை.

மிஷினை எடுத்து வந்தேன். டிராலி இரும்பு, தண்டவாளம் இரும்பு, அதன் மேலே வைத்துப் பார்த்தால் எதற்கும் கத்தும். தடியைத் தரையில் உருட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே உருட்டினார்கள். குனிந்தேன். ஓடிவந்த மூச்சிரைப்பில் தாலி பல்லில் நிற்கவில்லை. வெளியே விழுந்தது, மிஷின் விட்டு விட்டுக் கத்தியது.

"அந்தா, கத்துது பாரு ஒன் இரும்பு" என்றார் இவர்.

நான் நிமிர்ந்தேன். தாலிக் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கினேன். கூந்தலில் சிக்கியது, பிய்த்து எடுத்தேன். இவருடைய முகம் வெளிறிப்போனது.

"தமிழு, என்னா காரியம் பண்ற?"

தாலி என் கையில் இருந்தது. அதைத் தரையில் வைக்கவும் மனசு வரவில்லை, மரத்தூளில் எங்கே வைப்பது? மாமி பக்கம் திரும்பவே எனக்குப் பயம். அடிக்க வருவார் என்றுதான் நினைத்தேன். மாமி வந்தார். முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார்.

"எங்கிட்ட குடு. நீ பாரு."

பார்த்தேன். நெடுக்காகப் போனேன், கத்தியது. குறுக்காகப் போனேன், கத்தியது. அதே இடம். பிடியைத் தூக்கி மறுபடி வைத்தேன், அதே இடம். வட்டம் போட்டேன். இவர் போட்டிருந்த அறுப்புக் கோடு அந்த வட்டத்தின் நடுவில் போனது.

இவர் உளியை எடுத்தார். பட்டையைச் செதுக்கினார். அடியில் மரம் மை கொட்டின மாதிரி கறுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் செதுக்கியதும் ஒரு ஆணித் தலை தெரிந்தது. குறட்டால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். விரல் நீளத்துக்கும் மேலே வந்துகொண்டே இருந்தது. ஆணியின் கழுத்தில் முடி சுற்றியிருந்தது. மனுஷ முடி.

பீட்டர் சிலுவை போட்டுக்கொண்டான்.

"ஒன் முடிதாம்பா" என்றார் மாமி. "நாம இங்க வந்த புதுசுல, ராவுல எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுவியே, ரவி கூப்புடறான், தண்ணிக்குள்ள நின்னு கூப்புடறான்னு. ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருவானோன்னு பயந்தேன். நீ தூங்கையில முடி வெட்டி எடுத்தேன். பூசாரி அந்த முடிய ஆணில சுத்தி, ரவிய அந்தச் சரிவுல ஒரு மரத்துல வச்சு அடிச்சாரு. அடிச்சதும் திரும்பிப் பாக்கக் கூடாது, வாய் தொறந்து சொல்லவும் கூடாது, சொன்னா வந்துருவான்னாரு. நான் திரும்பிப் பாக்கல. எந்த மரம்னு எனக்குத் தெரியல சாமி. இன்னிக்கு லாரியப் பாத்ததும்..."

பெற்ற ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையை ஆணி அடித்துவிட்டு வந்து, அதையும் இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த மனுஷி. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. நான் மட்டும் என்ன, அந்தத் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்று, இவரைக் கொல்லத்தானே பார்த்தேன்.

இவர் ஆணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப் பையில் போட்டார். பிறகு மாமியின் முந்தானையிலிருந்து தாலியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"குனி."

மரத்தூள் ஒட்டிய கையால் கயிற்றைக் கழுத்தில் போட்டார். நான் மிஷினைப் பிடித்துக்கொண்டே நின்றேன், அணைக்க மறந்துபோயிருந்தேன். அவர் நெருங்கி வரவும் அது கத்தியது. இவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார். அந்த மிஷின் சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை.

"தாலியா?" என்று கேட்டார்.

மிஷினை அவர் நெஞ்சுக்கு நேராக நெடுக்காகக் கொண்டுபோனேன், குறுக்காகக் கொண்டுபோனேன். இரண்டு தடவையும் சட்டைப் பைக்கு மேலே, ஒரே இடத்தில் கத்தியது.

"இல்லங்க. ரவி தம்பி."

"வேணாம்பா" என்று மாமி பதறினார். "வேற மரத்துல அடிச்சிருவோம். பூசாரியக் கூப்புடறேன்."

இவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"இருக்கட்டும்மா" என்றார். "நனைஞ்சது போதும் அவன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்."

நான் மிஷினை அணைத்தேன்.