தலைக்கவசத்தில் வந்த தண்ணீர்

"அலெக்சாண்டர் மாபெரும் தலைவனா, வெறும் படையெடுப்பாளனா?" செஞ்சியில் ஆடித் திருவிழாப் பட்டிமன்றத்துக்கு இதுதான் தலைப்பு. எனக்கு எந்தக் கட்சி என்பதை நடுவர் தனசேகரன் முடிவு செய்தார்.

"கலைமதி, நீ தலைவன் கட்சி. நல்லா பேசுனா அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம குழுவுல நீயும் ஒருத்தி."

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியே தொண்டை கட்டிப்போன எனக்கு மேடை என்றால் உயிர். நம்பாத கட்சிக்கும் உருகி உருகிப் பேசுவதுதானே பட்டிமன்ற தர்மம். சரியென்றேன்.

முன்வரிசையில் என் அப்பா, நைனா. பச்சமுத்து மகள் பேசப்போகிறாள் என்று அனந்தபுரத்திலிருந்து தெருவில் பாதியைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எடுத்த எடுப்பிலேயே பாலைவனக் கதையை அவிழ்த்துவிட்டேன். படையே தாகத்தில் சாகிறது. எங்கேயோ தேடிப்பிடித்து, தலைக்கவசத்தில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். எல்லாருக்கும் இல்லாத தண்ணீர் எனக்கும் வேண்டாம் என்று அலெக்சாண்டர் அதை மணலில் ஊற்றிவிடுகிறான். "இவன் தலைவன் இல்லையென்றால் வேறு யாரய்யா தலைவன்?"

பந்தல் அதிரக் கைதட்டல். நடுவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குழுவில் என் இடம் உறுதி என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் சத்தமாகச் சொன்னார். "நம்ம மேஸ்திரி மாரியே இருக்குதுபா!"

எனக்குச் சுரீரென்றது. நான் சிறுமியாக இருந்தபோது எங்களைக் கரும்பு வெட்ட லாரியில் ஏற்றிக்கொண்டு போன மேஸ்திரி. தன் கஞ்சியை எங்களுக்கு ஊற்றிவிட்டுப் பட்டினி கிடந்தவர், பொய்யில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது, லாரிக்குக் கரும்பு லோடு ஏறி முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி போகலாம் என்றவரும் அவர்தான். அம்மா கரும்புக்காட்டிலேயே செத்துப்போனாள். நைனா இன்னும் அந்த ஆளைக் கண்டால் கும்பிடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைக்கை இறுக்கிப் பிடித்தேன்.

"ஒண்ணு உட்டுட்டேன். தண்ணிய ஊத்துனது சரி. அந்தப் பாலைவனத்துக்கு அவங்கள கூட்டினு போனது யாரு?"

நடுவர் மணியைத் தட்டினார். "இன்னாம்மா இது? நீ எந்தக் கட்சி?"

"கூட சேந்து பட்டினி கிடந்தவன் நல்லவனா இருக்கலாம். செத்தவங்களுக்கு அவன் இன்னா பதில் வச்சிருக்கான்? அத சொல்லாதவன நான் தலைவன்னு சொல்ல மாட்டேன்."

மணி விடாமல் அடித்தது. நானும் விடாமல் பேசி முடித்தேன். பிறகு என் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்க்கட்சிப் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கட்சிக்குப் பேச வந்திருந்த வசந்தா, திருடியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

மாபெரும் தலைவனே என்று தீர்ப்பு. நான் சொன்ன தண்ணீர்க் கதையை வைத்தே தீர்ப்புச் சொன்னார் நடுவர். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. குழு போயிற்று. அழுகை முட்டியது. ஆனாலும் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை.

தெரு ஆட்கள் முன்னாலேயே நழுவிவிட்டார்கள். நைனாவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அனந்தபுரம் பஸ் வந்து நின்றதும், "மேஸ்திரி நல்லவருதாம்மா" என்றார். நான் ஏறினேன்.

பஸ் கிளம்பிய பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவரே சொன்னார்.

"ஒரு லோடு போனா போவுதுன்னு உட்டிருக்கலாம்."