நாலு கஞ்சாச் செடிக்கு ஒரு சங்கம்

புஸ்பராணியின் கறிவேப்பிலை மரத்தைப் பற்றிக் கனடாவின் ஸ்காபரோவில் தெரியாதவர்கள் இல்லை. மோர்னிங்சைட்டில், அவளுடைய வீட்டுப் பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்கும் பேர்னஸுக்குப் பக்கத்தில் ஒரு லைற்றின் கீழ் நிற்கிறது. அதில் ஒரு நெட்டு ஒடித்தால் வாசம் தெருமுனை மட்டும் போகும். பஸ் சாரதி, தரிப்பில்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தி மூக்கைத் தூக்கிப் பார்ப்பான். பிராம்ப்டனிலிருந்து ஒரு மனிசி பிள்ளைத்தாச்சி மகளுக்கு ரசம் வைக்க இரண்டு நெட்டுக் கேட்டுப் பனிப்புயலுக்குள் கார் ஓடி வந்தது. அது திரும்பிப் போய்ச் சேர முன்னம் பேரன் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தான். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். சப்பாத்தை வாசலில் கழற்றவேணும்.

மகனை டொக்டராக்குவதில் தோற்ற புஸ்பராணி, மரத்தில் தோற்கவில்லை. ஆகவே தை மாதத்து ஞாயிறு ஒன்றில் கணவர் குலசிங்கமும் அவருடைய கூட்டாளி தம்பிமுத்துவும் அளவு நாடாவோடு கீழே இறங்கி வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தபோது, அவள் மரத்துக்கும் நாடாவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இஞ்சேரும் புஸ்பம், உந்த மரத்தைக் கராஜுக்கு மாத்தவேணும்," என்றார் குலசிங்கம்.

"ஏன், அது கார் பழகப் போகுதோ?"

"உதிலை கஞ்சா வைக்கப்போறம்."

"சட்டம் விட்டிருக்கு தங்கச்சி," என்றார் தம்பிமுத்து. "ஒரு வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம். அந்த எண்ணெய் முழங்காலுக்கு நல்லதாம். யூரியூப்பிலை ஒருத்தன் சொன்னவன்."

செடி வளர்க்கிற கூடாரம், லைற், விதை எல்லாம் வாங்கியாயிற்று. சூடும் பிளக்கும் உள்ள இடம் மரம் நின்ற இடம் ஒன்றுதான்.

கஞ்சாவோடு புஸ்பராணிக்கு ஒரு கோபமும் இல்லை. அரசாங்கமே விட்டதை அவள் ஏன் பிடிக்கவேண்டும்? ஆனால் தை மாதத்துக் குளிரில் கராஜில் ஒரு இரவு நின்றால் மரம் விடியக் கறுத்துப் போய்விடும். அதுவும் யாருக்காக? குலசிங்கம் தண்ணீர் ஊற்றியே ஒரு பிளாஸ்டிக் பூச்செடியை அழுக வைத்தவர். தம்பிமுத்து புல்லு வெட்டினால் அயல்வீட்டுப் புல்லும் பயத்தில் காய்ந்துவிடும். இந்த இரண்டு பேரும் பயிர் செய்யப்போகினமாம்.

"எப்ப மாத்துறியள்?" என்று கேட்டாள்.

"இதுக்கெண்டு ஒரு சங்கம் தொடங்கிறம். அதின்ரை யாப்பு, சட்டதிட்டம் எல்லாம் நிறைவேறின உடனை," என்றார் குலசிங்கம்.

விதையை எதில் ஊறப்போடுவது, என்ன மண், எத்தனை மணிநேரம் வெளிச்சம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தலைவர் யார் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. குலசிங்கம் தலைவர். தம்பிமுத்து செயலாளர். வேறு அங்கத்தவர்கள் இல்லை.

அடுத்த ஞாயிறு பேஸ்மென்றில் அங்குரார்ப்பணக் கூட்டம். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. வரவேற்புரையைத் தம்பிமுத்து குலசிங்கத்துக்கு நிகழ்த்தினார். தலைமையுரையைக் குலசிங்கம் தம்பிமுத்துவுக்கு நிகழ்த்தினார். தலைமையுரை தொடங்கும்போது ஜன்னலை மூடிக் கிடந்த பனி, அது முடியும்போது உருகி ஓடி, திரும்பவும் பெய்து மூடியிருந்தது. பேர்னஸ் இடையில் ஒருமுறை தன்பாட்டில் நின்று, பிறகு விதியே என்று தொடங்கியது.

புஸ்பராணி தேத்தண்ணியோடு படியில் நின்று கேட்டாள். அவள் காணாத சங்கமா? ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், முதியோர் சங்கம் எல்லாம் கண்முன்னால் இரண்டிரண்டாகப் பிளந்தவை. கொள்கையில் ஒன்றும் பிளந்ததில்லை. விளக்கின் முதல் திரியை யார் கொளுத்துவது என்பதில்தான் எல்லாம் பிளந்தன.

குலசிங்கம் யாப்பைக் கையில் எடுத்தார். அவள் தட்டை நீட்டினாள்.

"எடுங்கோ தம்பிமுத்தண்ணை. எனக்கு உது விளங்காது, சும்மா கேக்கிறன். முதல் விதையை ஆர் ஊண்டுறது?"

"நான்தான்," என்றார்கள் இரண்டு பேரும்.

குலசிங்கம் யாப்பைக் கீழே வைத்தார்.

"தலைவர் இருக்கேக்கை செயலாளர் ஊண்டினதா எங்கையாவது கேள்விப்பட்டனியோ மச்சான்?"

"விதை வாங்கினது ஆர்? நான்."

"வீடு ஆரின்ரை?"

"உன்னைத் தலைவரா ஆர் தெரிஞ்செடுத்தது? நான் கை தூக்கினபடியால்தானே. இந்தா, இறக்கிறன்." தம்பிமுத்து கையை உயர்த்தி, எல்லோரும் பார்க்க இறக்கினார்.

குலசிங்கம் கொஞ்சம் இளகினார். "சரி, நாலு விதை இருக்கு. ஆளுக்கு ரெண்டு ஊண்டுவம்."

மரத்தின் உயிர் போகப் பார்த்த இடம் அதுதான்.

"அது நல்ல யோசினை," என்றாள் புஸ்பராணி. "அப்ப முதல் ரெண்டு ஆரின்ரை?"

தம்பிமுத்து தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினார். விதைப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். தன்னுடையதுதான் தாய்ச்சங்கம் என்று படியேறும்போதே அறிவித்தார். அவரிடம் விதை இருந்தது, வெளிச்சம் இல்லை. குலசிங்கத்திடம் வெளிச்சம் இருந்தது, விதை இல்லை. அன்று மாலைக்குள் இரண்டு சங்கமும் ஒன்றையொன்று கண்டித்து வாட்சப்பில் அறிக்கை விட்டுவிட்டன.

ஒரு கிழமை கழிந்து றிச்மண்ட் ஹில்லிலிருந்து இருவருக்கும் பழக்கமான ஜனார்த்தன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு சமரசம் பேச வந்தார். சமரசக் குழுவுக்கு யார் தலைவர் என்பதில் குளறுபடியாகி, ஒரே காரில் வந்தவர்கள் நாலு டாக்சியில் திரும்பிப் போனார்கள். யார் முதலில் வந்து எடுப்பது என்று தீராததால் அந்தக் கார் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. பனி தள்ளும்போது புஸ்பராணி அதைச் சுற்றித் தள்ளுகிறாள்.

அவர்கள் போன பிறகு அவள் கஞ்சாவுக்கு வாங்கின கூடாரத்தை விரித்து, மரத்தை மெல்ல மெல்ல அரக்கி உள்ளே விட்டு, புது லைற்றைப் போட்டாள். மரம் அந்த வெளிச்சத்தில் நின்று குளித்தது.

குலசிங்கம் படியில் குந்தியிருந்து முழங்காலைத் தடவினார்.

"புஸ்பம், விதை மட்டும் கிடைச்சால்…"

"கிடைச்சால்?"

"முதல் விதையை நீர் ஊண்டலாம்."

"எனக்கு உந்தப் பதவியள் வேண்டாம். காலை நீட்டுங்கோ."

அவர் நீட்டினார். அவள் தைலப் போத்தலைத் திறந்து, தலைவர் என்றும் பாராமல் அழுத்தித் தேய்த்தாள்.