நாலு மணிக்குள் ஒரு குழி

லாரிப் பட்டறையின் வாசலில் பொக்லைன் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, கேட்டைச் சாத்திக்குங்க. தூசி அடிக்கும்."

பட்டறை முதலாளி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி வெளியே வந்தாள். "எங்க தோண்டப் போற?"

"இங்கதான். மேம்பாலத்துக்கு முதல் தூண். தலைவர் வந்துகிட்டே இருக்கார்."

தலைவர் என்றால் தொகுதி எம்.எல்.ஏ. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மாலை நாலு மணிக்குத் தேர்தல் தேதியை அறிவிக்கப் போகிறார்கள். அறிவித்துவிட்டால் புதிதாக எந்த அரசு வேலையும் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே மண்ணைத் தொட்ட வேலைக்குத் தடையில்லை. அதனால்தான் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் கடைசி நாளில் ஊரைக் குதறிப் போடுவார்கள். போன தடவை பாதாளச் சாக்கடை என்று கடைத்தெருவை வெட்டினார்கள். நிதி வரவில்லை, குழி மட்டும் நிலைத்துவிட்டது. அவள் கணவரின் டயர் கடையை அந்தக் குழிதான் தின்றது. மனிதர் இப்போது யாருடைய டேங்கரையோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு மிஞ்சியது இந்தப் பட்டறை. லாரி நுழைய இருப்பது இந்த ஒரு வாசல்.

"ஸ்பானர்!" என்று தன் மெக்கானிக்கைப் பட்டப்பெயர் சொல்லி அழைத்தாள். "உள்ள நிக்கிற சரக்கு லாரியை வாசல்ல குறுக்க நிறுத்து. ஜாக்கி வச்சு நாலு பக்கமும் சக்கரத்தைக் கழட்டு."

"இப்பத்தானேக்கா மாட்டினேன்."

"கழட்டுறதுக்கும் உனக்குத்தான் சம்பளம்."

அண்ணனின் கார் வரும்போது, லாரி மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த இரண்டு வேன்களிலிருந்து கட்சிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் இறங்கினார்கள். கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அண்ணன் சிரிப்பு மாறாமல் பல்லைக் கடித்தான்.

"லாரியை எடு."

"சக்கரம் இல்லண்ணா. பாத்தா தெரியலையா?"

"மாட்டு."

"நிதி ஒதுக்கியாச்சா?"

"ஒதுக்குவாங்க. மேல பேசிட்டேன்."

"போன தடவையும் மேலதான் பேசின. கீழ நாங்க குழியில தண்ணி இறைச்சோம்."

"ஊருக்கு நல்லது வர்றது உனக்குப் பிடிக்கலையா?"

"வரட்டும். காசு முதல்ல வரட்டும், அப்புறம் கடப்பாரை வரட்டும். அன்னிக்கு நானே கேட்டைப் பெயர்த்துத் தர்றேன்."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அண்ணன் டிரைவரிடம் திரும்பினான். "லாரிக்கு அந்தாண்ட தோண்ட முடியாதா?"

"கேபிள் போகுதுங்க. வேணும்னா எதிர்ப்பக்கம் தோண்டலாம். அங்கயும் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்காங்க. ரெண்டு பக்கமும் தூண் வரணுமே."

எதிர்ப்பக்கம் இருந்தது பெட்ரோல் பங்க். அண்ணி பெயரில் நடப்பது.

தங்கை சாலையின் மறுபக்கம் வரை கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "நல்ல யோசனைதானே. பாலம் கட்டாயம் வரும்னு நம்புறவருக்குப் பங்க் வாசல் ஒரு பொருட்டா?"

ஒரு நிருபர் மைக்கை நீட்டினார். "ஆமா சார், அந்தப் பக்கமே ஆரம்பிக்கலாமே?"

"அது... வண்டிங்க வந்து போற இடம்."

"என் வாசல்ல என்ன, விமானமா வந்து போகுது?"

கட்சிக்காரர்களில் ஒருவரே சிரித்துவிட்டார். அண்ணன் அவரை முறைத்தான். டிரைவர் கேட்டான்: "தலைவரே, எந்தப் பக்கம் தோண்ட?"

அண்ணனின் பார்வை பங்க்கில் வரிசையாக நின்ற வண்டிகள் மேல் போய் வந்தது. கேமராக்கள் அந்தப் பார்வையோடு போய் வந்தன. கடைசியில் டிரைவர் எஞ்சினை அணைத்தான். அணைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

நாலு மணி தாண்டியதும் நிருபர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. தேதி வந்துவிட்டது. வேன்கள் கிளம்பின.

அண்ணன் அவள் முகத்துக்கு அருகே வந்தான். "ஜெயிச்சு வந்ததும் உன் பட்டறை லைசென்ஸைக் கிழிச்சுப் போடுறேன். இனி நீ எனக்குத் தங்கச்சியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"லைசென்ஸ் விஷயம் தேர்தல் வாக்குறுதிதானே? அப்ப பயமில்ல."

அவன் கார்க் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் பங்க் ஊழியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாய்தான் அப்படிச் சொன்னது. இந்த ஒரு வாக்குறுதிக்காக அவன் மேலிடத்தில் யாரிடமும் பேச வேண்டியதில்லை, நிதியும் ஒதுக்க வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆகையால் இதை மட்டும் அவன் நிறைவேற்றிவிடுவான்.

"ஸ்பானர், சாயங்காலம் வேலையை முடிச்சதும் நீ எதிர்க்கட்சி வேட்பாளர் வீட்டுக்குப் போற."

"எதுக்குக்கா?"

"பிரசார வண்டியெல்லாம் நம்ம பட்டறைக்கு அனுப்பச் சொல்லு. இந்தத் தேர்தல் முடியறவரைக்கும் அவங்க வண்டி ஒண்ணுகூட வழியில நிக்கக் கூடாது."