நடுவில் விழுந்த அடி

எஞ்சினை இறக்கினால் மானம் கப்பலேறிவிடும். மெக்கானிக்குக்கு வேறெந்தப் பயமும் இல்லை, அந்த ஒரே பயம்தான்.

மாமியாரின் சலவைக்கடை வேன் இரண்டு நாளாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் அறையின் பக்கவாட்டு ஓட்டைகளைச் சின்னக் கிண்ணம் போன்ற இரும்பு மூடிகளால் அடைத்திருப்பார்கள். பட்டறையில் அதற்கு 'டம்மி' என்று பெயர். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் இருந்த டம்மி துருப்பிடித்துப் போயிருந்தது.

"பெரிய பட்டறைக்கு அனுப்பிடுங்களேன்" என்றாள் மனைவி. "எஞ்சினை இறக்கி, உள்ளயெல்லாம் கழுவித் தருவாங்க. அம்பத்தெட்டு வயசுல எதுக்குங்க வண்டிக்கடியில படுத்து உருளணும்?"

"இறக்கவே வேணாம். இருந்த இடத்துலயே மாத்திடுவேன்."

"வீம்பு! பொறக்கும்போதே கூடப் பொறந்தது" என்று சொல்லிவிட்டு இஸ்திரி போடப் போனாள்.

வீம்பா? பயம் ஐயா, பயம்! முப்பது வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், இதே வேனின் இதே டம்மியை மாற்றச் சொல்லி மாமியார் ஒப்படைத்தார். ஓரத்தில் தட்டிச் சாய்த்து, குறட்டால் பிடித்து இழுக்க வேண்டியது. புது மாப்பிள்ளை ஜம்பத்தில் நடுவில் உளியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். டங்கென்று உள்ளே விழுந்துவிட்டது சனியன். ஒரு மணி நேரம் கம்பியால் துழாவியும் சிக்கவில்லை. கடைசியில் மேலே புதுசை அடித்து மூடி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை கை வெச்சா தப்பாது!" என்று மாமியார் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். உறவுக்காரர், பக்கத்துக் கடைக்காரர், வேட்டி துவைக்கப் போட்டவர், ஒருத்தரையும் விடவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் இவருக்கு உள்ளுக்குள் அந்த டங் கேட்கும். அந்தம்மா வாயால் ஒரு நாள் 'பொய்க்காரன்' என்று கேட்டுவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு இந்தப் படியேறுவது?

இத்தனைக்கும் எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை! கொடி முழுக்க ஈரப் போர்வைகள், அதற்குள் நடந்தால் சட்டையெல்லாம் சோப்பு வாசனை. மாமியார் பாதி கடித்த ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே வேனை ரிவர்ஸ் எடுப்பார். இவர் வேலை முடிந்ததும் ஓடிவந்து இஸ்திரி மேஜை ஓரம் உட்கார்ந்துகொள்வார். மேஜையில் பொத்தான் போட்டு வைக்கும் நீலக் கிண்ணம் ஒன்று, தொட்டால் போதும், ஆடும். இவர் காகிதத்தை மடித்து அதற்கடியில் செருகுவார். புது மனைவி அதை உருவிப் போட்டுவிட்டுச் சிரிப்பாள். மறுபடி செருகுவார். அந்தச் சிரிப்பைக் கேட்கவே எத்தனை காகிதம் மடித்திருப்பார்! அதெல்லாம் திரும்பி வராதா என்று இப்போதும் ஏக்கமாக இருக்கும்.

தண்ணீரை வடித்து, ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, வேனுக்கடியில் படுத்தார். எண்பத்தொரு வயது மாமியார் நாற்காலியைப் பக்கத்திலேயே போடச் சொல்லி, மடியில் ஒரு சட்டையை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல தட்டுங்க மாப்பிள்ளை. நடுவுல வேணாம்."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. சலவைக்காரம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? சொன்னபடியே ஓரத்தில் தட்டினார். டம்மி புரண்டு நின்றது, குறட்டால் இழுத்தார், வந்துவிட்டது. இனி அன்றைக்கு உள்ளே விழுந்த பழையதையும் எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டால் காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்தது. வளைத்த கம்பியை உள்ளே விட்டார். துருச்சேறுதான் வந்தது. விரலை விட்டுத் தடவினார். அதே சேறு. இரும்பு கரைந்தா போகும்?

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை, சேறு..."

அந்தம்மா கிண்ணத்திலிருந்த பொத்தான்களை மடியில் கவிழ்த்துக்கொண்டு, கிண்ணத்தை வேனுக்கடியில் நீட்டினார். "இதுவான்னு பாருங்க."

நீலக் கிண்ணம். திருப்பினார். அடிப்புறத்தில் நட்டநடுவே ஒரு புடைப்பு, அதனால்தான் ஆட்டம். உள்ளே உளி இறங்கிய பள்ளம். அவருடைய அடிதான் அது. தன் அடிக்கேதான் அன்றைக்கு அத்தனை காகிதம் செருகியிருக்கிறார்!

"நீங்க ஊர்ல இல்லாத ஒரு வாரம் வண்டி கொதிச்சுப் போச்சு. வேறொருத்தர்கிட்ட காட்டினேன். இதை எடுத்துக் குடுத்தாரு. பெயிண்ட் அடிச்சு வெச்சுக்கிட்டேன்."

உள்ளே இஸ்திரிச் சத்தம் நின்று, மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடிப்பாவி, இவளுக்கும் தெரியும்!

"ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க மறுபடி இந்த வண்டியைத் தொட்டிருப்பீங்களா? இந்த வீட்டுப் பக்கம்தான் தலை காட்டியிருப்பீங்களா?"

"அப்புறம் எதுக்கு 'தப்பாது, தப்பாது'ன்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"சொல்லிச் சொல்லித்தானே தப்பாம ஆக்கினேன்."

மெக்கானிக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. படுத்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கலாமென்றால் கையெல்லாம் சேறு.

"அழுதது போதும். கிண்ணத்தைக் குடுங்க, பொத்தானெல்லாம் மடியில கெடக்கு. புதுசை நேரா அடிங்க."

ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தார். புது டம்மிக்குப் பசை தடவி, கோணாமல் வைத்து, சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டி இறக்கினார். ஸ்டார்ட்டரை மாட்டி, தண்ணீர் ஊற்றி, எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டார். ஒரு சொட்டு இல்லை.

மாமியார் நாற்காலியிலிருந்தே குனிந்து காய்ந்த தரையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை கை வெச்சா தப்பாது" என்றார்.

இந்தத் தடவை மெக்கானிக்குக்கு உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை.