கைச்சூட்டில் விரிந்த கம்பிவலை

ஸ்டென்ட்டைக் கெடுத்தது நான்தான். பொட்டு வைப்பதற்காக உறையைப் பிரித்தேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைத்துத்தான் உள்ளே விடுவோம். கிரைண்டருக்கு வைத்தோம். இன்வெர்ட்டருக்குக்கூட வைத்தோம். என் மனைவி தில்லைநாயகியின் நெஞ்சுக்குள் போகிற சாமானை மட்டும் மூளியாக எப்படி அனுப்புவது?

இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய குழாயை ஒரு கட்டி வெளியிலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தது. அவள் முகமும் கழுத்தும் வீங்கிப்போயின. படுத்தால் மூச்சு முட்டும். தீபாவளியிலிருந்து உட்கார்ந்தேதான் தூங்கிக்கொண்டிருந்தாள். சுருக்கி வைத்த கம்பிவலை தொடை வழியாக உள்ளே போய், உடம்புச் சூட்டில் தானே விரிந்து, ரத்தத்துக்கு வழி விடும் என்றார்கள். கீழே மருந்துக் கடையில் வாங்கி மேலே கொண்டு போய்க் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

என் கையும் உடம்பில்தான் சேர்த்தி. அது எனக்குத் தோன்றவில்லை.

வலை விரிந்தது. முதலில் வளையல் அளவு. பிறகு குடை. பிறகு ஆஸ்பத்திரி வராண்டா. நான் வைத்த குங்குமம் உயரே எங்கோ போய்விட்டது.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார் வாட்ச்மேன். அவர் வலையின் ஒரு கண்ணில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"திரும்பச் சுருக்க முடியுமா?"

"விரிஞ்சது விரிஞ்சதுதான். செருப்பைக் கழட்டிட்டு நடங்க."

"என் சம்சாரம் பிழைச்சுடுவாளா?"

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

நடந்தேன். வலைக்குள்ளேயே வராண்டா நீண்டது. எதிரே டாக்டரம்மா ஹெப்சிபா வந்தார். அவரிடமும் கேட்டேன்.

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு வலையின் ஒரு கண் வழியாக வெளியே போனார்.

நடுவழியில் வலைச்சுவர் உள்பக்கம் பிதுங்கியிருந்தது. வெளியிலிருந்து நெருக்கிச் சாய்ந்தபடி ஒரு தடித்த ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கம்பிகள் அவர் முதுகில் பதிந்திருந்தன.

"கொஞ்சம் நகருங்க சார்."

"நான் எதுக்கு நகரணும்? உங்களுக்குத்தான் வழி இருக்கே."

இருந்தது. நான் தொப்பையை எக்காமலே போகும் அளவுக்கு இருந்தது.

"எப்போ கிளம்புவீங்க?"

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

வராண்டாவின் கடைசியில் கட்டில். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி தில்லைநாயகி உட்கார்ந்திருந்தாள். கழுத்துச் சதையில் புதைந்து கிடந்த தாலிக்கொடி இப்போது வெளியே தெரிந்தது.

"சாமானைப் பிரிச்சுட்டீங்களாமே."

"பொட்டுதான் வச்சேன்."

"தெரியுது. உள்ள குங்குமம் நறநறங்குது."

கட்டிலோரம் உட்கார்ந்தேன். கால் வலித்தது. யாரும் பதில் சொல்லாத கேள்வியை இன்னொரு தடவை கேட்கவும் அலுப்பாக இருந்தது. கேட்டேன்.

"நாயகி, நீ பிழைச்சுடுவியா?"

அவள் தலையணைகளை ஒவ்வொன்றாக உருவி என் மடியில் போட்டாள். மெதுவாகச் சாய்ந்தாள். முழுசாகப் படுத்தாள். மூச்சு வந்தது. போயிற்று. மறுபடி வந்தது.

"தெரியாதுங்க. அந்தாளு போக மாட்டாரு. ஆனா இப்ப நான் படுத்துத் தூங்கப்போறேன். ஜன்னலைச் சாத்துங்க, வெயிலடிக்குது."