ஓசிச் சிறுநீரகம்

என் வீட்டுக்காரர் ஓசியில் ஒரு டீ குடித்தவரில்லை. லேத் பட்டறைக்காரர், செய்த வேலைக்குக் கறாராகக் கூலி வாங்குவார், யார் எது செய்தாலும் அதே கறாரோடு கொடுத்துவிடுவார். என் தம்பி டீ வாங்கித் தந்தால்கூட அவன் சட்டைப்பையில் சில்லறையைத் திணிப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. "என்னோடதுல ஒண்ண எடுத்துக்கோங்க மாமா" என்றான் தம்பி. பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது. மருத்துவமனைக் குழுவின் அனுமதி மட்டும்தான் பாக்கி.

குழுவின் தலைவி ஒரு டாக்டரம்மா. "இதுக்காக இவருக்கு ஏதாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

மனுஷன் நெஞ்சை நிமிர்த்தினார். "பெரிய லேத் மெஷின இவன் பேருக்கு எழுதிட்டேன் மேடம். நான் சும்மா வாங்குற ஆள் இல்ல."

எனக்குத் தலை சுற்றியது. தம்பி வாயைப் பிளந்தான். அவனுக்கே அப்போதுதான் தெரியும்.

"இது விலைக்கு வாங்குறதுங்க. சட்டப்படி குத்தம்."

"ஆபரேஷன் பண்றவருக்கு ஃபீஸ் உண்டு, மாத்திரைக்குக் காசு உண்டு. உடம்பக் கொடுக்குறவன் மட்டும் வெறுங்கையோட போகணுமா?"

"நியாயமான கேள்விதான். ஆனா விலைன்னு ஒண்ணு வந்துட்டா, இல்லாதவங்க மட்டும்தான் கொடுத்துட்டே இருப்பாங்க" என்று டாக்டரம்மா ஃபைலை மூடினார். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு மாதத்தை இவர் உடம்பு தாங்குமா?

வெளியே வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். "உங்க வீராப்பக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க! எனக்கு நீங்க வேணும்."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாமாவுக்குன்னா தர்றேன். மெஷினுக்குன்னா தரமாட்டேன்."

அன்றே இவர் லேத் பத்திரத்தைக் கிழித்தார். அடுத்த முறை தம்பியைத் தனியாகவும் விசாரித்தார்கள். பிறகு இவரிடம் அதே கேள்வி. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒண்ணும் கொடுக்கல மேடம். ஓசியிலதான் வாங்கிக்கிறேன்."

லேத்தைக் கொடுத்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அனுமதி கிடைத்தது.

அறுவை சிகிச்சை முடிந்து சில நாளில், தம்பி தையலைப் பிடித்தபடி மெல்ல நடந்து டீ கொண்டு வந்தான். இவர் கை பழக்கத்தில் பையைத் தேடியது. ஆஸ்பத்திரி அங்கியில் ஏது பை? கொஞ்சம் யோசித்தார். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை பத்தலடா."

"ஓசி டீக்குப் பேச்சப் பாரு" என்றான் தம்பி.